விசுவாசத்தில் நிற்பது: டெல்டா சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் திடப்படுத்தல் வகுப்பிலும் வாலிபர் கூட்டத்திலும், கல்யாண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதவரும் வீட்டாரிடமும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். வேதப் பகுதிகளின் பெயர்கள் பழைய திருப்புதலின்படி.

"உங்க மதம் என்னதான் சொல்லுதுன்னு யாராச்சும் கேட்டா, ரெண்டு நிமிஷத்துல என்ன சொல்றது?"

விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுங்கள். அது உண்டானதே இதற்காகத்தான். அப்போஸ்தலர் பிரமாணம், ஞானஸ்நானம் பெற வந்தவர்களிடம் ரோமாபுரிச் சபை கேட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்தது. நிசேயா பிரமாணம் 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய ஆயர் சங்கங்களில் உருப்பெற்றது. உலகத்தைப் படைத்த பிதா. கன்னியிடம் பிறந்து, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் எழுந்த குமாரன். பரிசுத்த ஆவி, சபை, பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன். இவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் அப்போஸ்தலர் பிரமாணம் ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

அதில் இல்லாதவற்றையும் பாருங்கள். வெள்ளைப் புடவை இல்லை, நகை கழற்றுவது இல்லை, எந்த ராகத்தில் பாடுவது என்பது இல்லை, யார் எந்த வரிசையில் உட்காருவது என்பதும் இல்லை. ஆனால் பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் இருக்கிறது. எப்போது, யாருடைய ஆளுகையில் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எப்படி வாழ்வது என்பதற்குப் பத்துக் கற்பனைகளும் மலைப்பிரசங்கமும் உண்டு. இவை போக மிச்சத்தில் பெரும்பகுதி வழக்கம். எது விசுவாசம், எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கீழேயுள்ள கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

"இது ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாருக்கும் பொதுவா?"

பிரமாணத்தின் உள்ளடக்கம் பொது. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஆராதனையில் சேர்ந்து சொல்வதில்லை. ஆனாலும் அதில் உள்ளதை நம்புகிறார்கள். விதிவிலக்கு, இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து, பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று போதிக்கும் சில குழுக்கள். அது வரலாற்றுச் சபையின் போதனை அல்ல.

கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகம், புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66. வித்தியாசம் முழுவதும் பழைய ஏற்பாட்டில். புதிய ஏற்பாட்டின் 27 எல்லாருக்கும் ஒன்றே.

"வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்தானே இது?"

நிசேயா இன்றைய துருக்கியில் இருக்கிறது. அந்தப் பிரமாணத்துக்காகப் பலமுறை நாடுகடத்தப்பட்ட ஆயர் அத்தனாசியு எகிப்தியர். சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் வட ஆப்பிரிக்கர். மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருந்ததாக 6-ஆம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பாவின் பல பகுதிகள் அப்போது கிறிஸ்தவத்தைக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். ஜெர்மன் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள், உண்மை. அங்கிருந்த டேனிஷ் கோட்டைத் தலைவர் சீகன்பால்கை 1708-ல் பிடித்துச் சில மாதம் சிறையில் வைத்தார் என்பதும் உண்மை. ஆங்கிலக் கம்பெனியும் 1813 வரை மிஷனெரிகளைத் தன் எல்லைக்குள் விட விரும்பவில்லை. வியாபாரம் கெடும் என்ற பயம். ஆட்சியும் மதமும் கைகோத்து வந்தன என்பது பாதிக் கதை. 1733-ல் தமிழரான ஆரோன் போதகராகக் குருப்பட்டம் பெற்றபின் கிராமச் சபைகளை நடத்தியது தமிழர்கள், தமிழில்.

"நிசேயாவுல ஓட்டுப் போட்டுத்தான் இயேசுவைக் கடவுளாக்குனாங்களாமே, யூடியூப்ல பார்த்தேன்."

நிசேயாவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முன்னமே, 112 வாக்கில், அதே பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்பது அவருடைய புகார். எழுதியவர் கிறிஸ்தவரல்ல, அவர்களைத் தண்டித்துக்கொண்டிருந்தவர். பிலிப்பியர் 2:6-11 அதைவிடப் பழையது.

நிசேயாவில் கேட்கப்பட்டது வேறு. குமாரன் மற்றெல்லாவற்றுக்கும் மேலானவர், ஆனாலும் உண்டாக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியு. கூடியிருந்த ஏறக்குறைய 300 ஆயர்கள் அதை மறுத்தார்கள். ஆரியுவோடு கடைசிவரை நின்ற ஆயர்கள் இரண்டே பேர். எந்தெந்த நூல் வேதாகமத்தில் சேரும் என்பதும் அங்கே முடிவாகவில்லை. இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே வரும் முதல் பட்டியல் 367-ல் அத்தனாசியு எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) கடிதத்தில் இருக்கிறது.

இதோடு சேர்த்து, இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தார் என்பதும் சுற்றிவரும். 1894-ல் நோட்டோவிச் என்பவர் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு பார்த்ததாக ஒரு புத்தகம் போட்டார். மடத்தின் தலைவரே அப்படியொரு ஏடு இல்லையென்று மறுத்துவிட்டார்.

"நாகூர்ல என் கூட்டாளி கேக்குறான், உங்களுக்கு மூணு சாமியான்னு. என்ன சொல்லட்டும்?"

ஒரே தேவன் என்று முதலில் சொல்லுங்கள். அதில் முஸ்லிமான அவரும் நீங்களும் ஒரே பக்கம். அந்த ஒரே தேவனுக்குள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்தத்துவங்கள். மூவருக்கும் தன்மை ஒன்று, மகிமை ஒன்று. பிதா குமாரனல்ல, குமாரன் ஆவியல்ல. இவ்வளவுதான் சபை சொல்வது. எப்படி என்பதை முழுக்க விளக்கிவிட்டதாகச் சபை ஒருபோதும் சொன்னதில்லை.

உதாரணம் சொல்லப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லித்தருவது 3-ஆம் நூற்றாண்டில் சபெல்லியு போதித்து, சபை தள்ளிய போதனை: ஒரே ஆள் மூன்று வேஷம். அப்படியானால் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தானில் குமாரன் தண்ணீரில் நிற்க, ஆவி புறாவைப்போல் இறங்க, பிதா வானத்திலிருந்து பேசியது எப்படி? ஒருவரே அப்பா, கணவர், முதலாளி என்ற உதாரணத்திலும் இதே கோளாறு. உதாரணத்தை விட்டுவிட்டு மத்தேயு 3:16-17-ஐ வாசித்துக்காட்டுங்கள்.

"செத்தவர் எழுந்தார்னு படிச்சவங்க நம்புறாங்களா?"

இது பொய்யானால் மிச்சம் எதுவும் நிற்காது என்று பவுலே 1 கொரிந்தியர் 15:14-ல் எழுதிவிட்டார். அந்தக் கடிதம் 55 வாக்கில் எழுதப்பட்டது. கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர், யாக்கோபு என்று அதில் ஒரு சாட்சிப் பட்டியல் வருகிறது. ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுபோல. கட்டுக்கதை கட்டுபவர்கள் கல்லறைக்கு முதலில் பெண்களை அனுப்பியிருக்கமாட்டார்கள். அந்தக் காலத்து நியாயஸ்தலத்தில் பெண் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. இதெல்லாம் கணக்குப்போல நிரூபித்துவிடாது. கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்கிறார்கள் என்ற பேச்சு தவறு என்பதற்கு இது போதும்.

"வேளாங்கண்ணி, நாகூர், சிக்கல்... எல்லாம் ஒண்ணுதானேண்ணே?"

மாதா கோயில், தர்கா, முருகன் கோயில் என்று இந்த மூன்று ஊருக்கும் எல்லாரும் போகிறார்கள், ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஒருவர் நேர்ச்சையை ஒருவர் மதிக்கிறார்கள். இந்த நல்லுறவு டெல்டாவின் சொத்து, கெடுக்கவேண்டாம். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகளை இயற்றினார்.

ஆனால் சொல்லப்படுவது ஒன்றல்ல. இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது குர்ஆன் 4:157. கிறிஸ்தவம் முழுவதும் அந்தச் சிலுவையின்மேல் நிற்கிறது. வைணவத்தில் அவதாரங்கள் பல. கிறிஸ்தவம் சொல்வது ஒரே தரம், திரும்ப நடக்காதது. எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட்டால் மூவரையும் மதித்ததுபோலத் தோன்றும், உண்மையில் மூவர் சொல்வதையும் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டு ஹஜ்ரத்தே இதைத்தான் சொல்வார், கேட்டுப்பாருங்கள்.

"அரிசி மில்லுல வேலை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைக்கச் சொல்றாங்க, பொரி குடுக்குறாங்க. வாங்கலாமா கூடாதா?"

1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். உங்கள் கேள்விதான் அங்கே அலசப்படுகிறது. பவுல் மூன்றாகப் பிரிக்கிறார். படையலில் பங்காளியாவது கூடாது (10:14-22). கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடலாம், விசாரிக்கவேண்டாம் (10:25). ஒருவர் வீட்டு விருந்தில் வைத்ததைச் சாப்பிடலாம், ஆனால் இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச்சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடவேண்டும் (10:27-28). பொருளுக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்ற பயம் அவரிடம் இல்லை. வழிபாட்டில் சேர்கிறோமா என்பதும் பக்கத்திலிருப்பவர் தடுமாறுவாரா என்பதும்தான் அவருக்குக் கவலை.

மில்லில் இப்படிச் செய்யலாம். பூஜைக்கு ஒரு வாரம் முன்பே முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ தனியாகப் பேசுங்கள்: "மெஷினைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, பெல்ட்டெல்லாம் பார்த்து வச்சிடுறேன், சந்தனம், தீபாராதனை மட்டும் வேற யாராவது பண்ணட்டும்." அன்று காலை மற்றவர்களுக்கு முன் வந்து தோரணம் கட்டுங்கள், சாமான் தூக்குங்கள். தீபாராதனையின்போது மரியாதையாக ஓரமாக நில்லுங்கள். வசூல் கேட்டால் சாப்பாட்டுச் செலவுக்கு என்று சொல்லித் தாருங்கள். படைக்காத பாக்கெட் இனிப்பை எல்லாரோடும் வாங்கிக்கொள்ளுங்கள். சாமிக்கு வைத்த பொரி என்று கையில் தந்தால், "இருக்கட்டும்ணே, டீ குடிக்கலாம் வாங்க" என்று சிரித்துச் சொன்னாலே பெரும்பாலும் முடிந்துவிடும். காரியம் கெடுவது இரண்டு இடத்தில்: முன்னமே சொல்லாமல், பூசணிக்காய் உடைக்கிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அன்று மட்டும் லீவு போட்டுவிட்டுத் தீபாவளி போனஸுக்கு முதல் ஆளாய் நிற்பது.

வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் 2 இராஜாக்கள் 5:18-19 பார்க்கவும். எஜமானுக்குக் கைலாகு கொடுத்து ரிம்மோன் கோவிலுக்குள் போகவேண்டிய சீரியப் படைத்தலைவன் நாகமான் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, "சமாதானத்தோடே போ" என்றார் தீர்க்கதரிசி எலிசா. இதைவிட அதிகமாக நாங்களும் சொல்லமாட்டோம்.

"பொங்கல் வைக்கலாமா? பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துக்குப் போலாமா? தாலி, பூ, பொட்டு?"

புதிய அரிசியைப் பொங்கி, கொடுத்தவருக்கு நன்றி சொல்வதில் தடையில்லை. கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள், மற்ற சபைகளில் அறுப்பின் பண்டிகை இருக்கிறது. 65-ஆம் சங்கீதத்தில் வரப்பும் படைச்சாலும் தண்ணீரும் வருகின்றன. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்த அன்று அதை வாசிக்கலாம். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கட்டுச்சோறு கொண்டுபோய் ஆற்றங்கரையில் சாப்பிடுவது வேறு, காவேரியைத் தாயாக எண்ணிப் படைப்பது வேறு. மேலே மில் பதிலில் சொன்ன கோடுதான் இங்கும்.

தாலி, பூ, பொட்டு எல்லாம் வழக்கம். சிலுவை பொறித்த தாலி இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. பூ வைத்தவளைப் பார்த்து முகம் சுளிப்பதுதான் வேதத்துக்கு விரோதம்.

"பழைய விசுவாசத்தைக் காக்கணும்ங்கிறீங்க. எங்க சபைல பழைய வழக்கம்னு சொல்லித்தான் எங்க தெருவுக்குத் தேர் வராது, கல்லறையும் தனி. அதையும் காக்கணுமா?"

கூடாது. முதல் பதிலில் விசுவாசத்தையும் வழக்கத்தையும் பிரித்தது முக்கியமாக இதற்காகத்தான். யாக்கோபு 2:2-4 ஆராதனைக்கூடத்தில் இருக்கை ஒதுக்குவதைப் பற்றியே பேசுகிறது: ஒருவருக்கு "இந்த நல்ல இடத்தில் உட்காரும்", இன்னொருவருக்கு "நீ அங்கே நில்லு". கலாத்தியர் 2:11-14-ல் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) பந்தியில் உட்காராமல் விலகியபோது, அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று பவுல் எல்லார் முன்னாலும் எதிர்த்தார். பந்தி விஷயத்தையே சுவிசேஷ விஷயமாக அவர் பார்த்தார்.

இங்கத்திய வரலாற்றை மறைக்கவேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியிலேயே ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். தஞ்சை நாட்டில் சபைகளை உருவாக்கிய உபதேசியார் ராஜநாயக்கனுக்கு, பிறந்த சாதியைக் காரணம் காட்டிக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையையே விட்டு விலகினார்கள். நாம் இன்றும் பாடும் பல கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் சாதியாசாரத்தின் பக்கம் நின்றார். பாட்டைப் பாடலாம், அந்த நிலைப்பாட்டை எடுத்துக்கொள்ளவேண்டாம்.

செய்யக்கூடியது: தேர்ப் பாதையையும் கல்லறைத் தோட்டத்தையும் பற்றிப் பங்குப்பேரவையிலோ சபைக் கமிட்டியிலோ எழுத்தில் கேளுங்கள், கையெழுத்துகளோடு, திருவிழாவுக்குக் கொடியேற்றிய பிறகல்ல, பல மாதம் முன்பே. பதில் வராவிட்டால் ஆயருக்கு நகல். "தெரு குறுகல், தேர் திரும்பாது" என்பார்கள். கையோடு தெருவின் அகலத்தையும் தேரின் அகலத்தையும் அளந்து எழுதிவிடுங்கள்.

"சர்டிஃபிகேட்ல இந்து, ஞாயித்துக்கிழமை கோயில். இது பொய்யா?"

கடினமான கேள்வி, ஏனென்றால் முதல் அநியாயம் சட்டத்தில் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்க்கொண்டே இந்து என்று சலுகை கேட்பதை, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே சட்டச் சிக்கலும் உண்டு, மனச்சாட்சிச் சிக்கலும் உண்டு. கிறிஸ்துவை அறிக்கையிட்டவர் ஏட்டில் வேறு சொல்லலாகாது என்பதே சபையின் பழைய போதனை. அதை மாற்றிச் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் தலைமுறையாக நிலமில்லாத ஒருவருக்கு அதன் விலை ஒரு கல்லூரி இடம், ஒரு வேலை. அதைத் தனியாளாகச் சுமக்கவிட்டுவிட்டு மேடையில் நேர்மையைப் பற்றிப் பிரசங்கிப்பது சபைக்கு அழகல்ல. சபை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் இவர்களுக்கு முதலிடம் தருவது சபையின் கையில்தான் இருக்கிறது.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு எங்க பாஸ்டர் கேக்குறார்."

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் சிலருக்கு ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பும். காசநோய்க்கு வழக்கமான 6 மாத மருந்தைப் பாதியில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர் (கொலோசெயர் 4:14). துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார் பவுல் (2 தீமோத்தேயு 4:20). அவர் விசுவாசக் குறைவு என்று எழுதவில்லை. சுகத்துக்காக ஜெபிப்பது பழைய வழக்கம், யாக்கோபு 5:14 உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்வது புதிய சரக்கு. ஆயிரம் விதைத்தால் பத்தாயிரம் அறுக்கலாம் என்ற காணிக்கைப் பேச்சும் அதே கடையிலிருந்து வருகிறது. பிரமாணத்தில் அதற்கு இடமே இல்லை.

"லிவிங் டுகெதர், கே மேரேஜ்னு உலகம் எங்கயோ போயிடுச்சு. சபை மட்டும் அங்கயே நிக்குதே?"

நிற்கிறது. ஒரு ஆண், ஒரு பெண், வாழ்நாள் முழுவதும் என்பதே வரலாற்றுச் சபையின் போதனை. மத்தேயு 19:4-6-ல் இயேசு ஆதியாகமத்தை எடுத்துச் சொல்கிறார். ரோம உலகத்துக்கும் இது உறுத்தலாகத்தான் இருந்தது, முக்கியமாகக் கணவனும் மனைவிக்கு அதே அளவு உண்மையாயிருக்கவேண்டும் என்ற பகுதி. ஓரினச் சேர்க்கை குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது நாட்டின் சட்டம். சபை எதைக் கல்யாணம் என்கிறது என்பது வேறு. அதற்காகப் பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு வேதத்தில் ஆதாரம் தேடாதீர்கள், கிடைக்காது.

இதில் வாலிபர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதற்குக் காரணமும் உண்டு. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஆலயத்தில் ஜோராகக் கல்யாணம் முடித்து, பின்கட்டில் பவுன் கணக்குப் பேசுகிறோம். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி வாயே திறக்காத சபை, கல்யாணத்தின் புனிதத்தைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்?

"பொண்ணு வேற மதத்துப் பையனைக் கட்டிக்கணும்கிறா. என்ன வழி?"

விசுவாசத்தில் ஒன்றுபட்டவரைக் கட்டுவதே சபையின் அறிவுரை. பெண் முடிவெடுத்துவிட்டால் வழிகள் இவை. கத்தோலிக்கரானால் ஆயரின் சிறப்பு அனுமதியோடு ஆலயத்தில் நடத்தலாம். அதற்குப் பையன் ஞானஸ்நானம் பெறவேண்டியதில்லை. 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராயிருப்பதை ஏற்கிறது. ஆனால் பல சபைகள் தங்கள் விதிப்படி மறுக்கும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள், மதம் மாறவேண்டாம்.

தவறு நடப்பது, கல்யாணத் தேதிக்கு முந்தின வாரம் அவசரமாகப் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில். நம்பாதவர் வாயில் பிரமாணத்தை வைப்பது அது. மதம் வேறாயினும் கல்யாணம் உண்மையானதே. 1 கொரிந்தியர் 7:12-14 அந்த வீட்டையும் பரிசுத்தம் என்கிறது.

"பயாலஜில பரிணாமம் படிக்கிறான். ஆதியாகமம் பொய்யாப்பான்னு கேக்குறான்."

ஆறு நாள் என்றால் 24 மணி நேரமா என்ற விவாதம் டார்வினுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. இயற்கையைப் பற்றித் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி, வேதத்தையே மற்றவர்கள் சிரிக்கும்படி செய்துவிடாதீர்கள் என்று 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் எச்சரித்தார். உடல் எப்படி உருவானது என்ற ஆராய்ச்சிக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1950-ல் இடம் கொடுத்தது. மற்ற சபைகளில் கருத்து பலவிதம். தேவன் படைத்தார், மனிதன் அவர் சாயல், மனிதன் விழுந்தான் என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு பாடத்தை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

"பையன் சென்னைல ஐ.டி.ல இருக்கான். ஊருக்கு வந்தாலும் கோயிலுக்கு வர்றதில்லை. திட்டுனா போனையே எடுக்க மாட்டேங்குறான்."

முதலில் காரணம் எது என்று பாருங்கள். சந்தேகமென்றால் நிசேயா, உயிர்த்தெழுதல் பதில்களில் ஆரம்பிக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மதிப்பு கூடும். காயமென்றால், அதாவது கமிட்டிச் சண்டை, சாதிப் பேச்சு, காணிக்கைக் கணக்கு என்றால், வாதம் பண்ணாதீர்கள். அவன் சொல்வது பெரும்பாலும் நிஜம். வெறும் நைட் ஷிப்ட் களைப்பு என்றால் தூங்கவிட்டு, மாலை ஆராதனைக்குக் கூப்பிடுங்கள்.

வீட்டில் குடும்ப ஜெபம் 15 நிமிடத்துக்குள் இருக்கட்டும்: ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிரமாணம், பரமண்டல ஜெபம். பல வீடுகளில் அது கெடுவது அப்பாவின் சொந்த ஜெபத்தில். "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருவன் உம்மை மறந்து திரிகிறான்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தால், அது ஆண்டவரிடம் பேசியதல்ல என்பது அவனுக்கும் தெரியும். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். அன்று வாசலில் நின்று "என்ன தம்பி, வருஷத்துக்கு ஒரு தரந்தானா?" என்று கேட்கிற பெரியவரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.